பால்ரஸ் குண்டும் மொட்டை டயரும்

ரேடியோ கன்ட்ரோல் கார்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மோட்டாரையும் பேட்டரியையும் முன்னால் நிறுத்தித்தான் எழுதுகிறார்கள். மண்ணிலும் புல்லிலும் ஓடும் பகி வண்டிகளைப் பொறுத்தவரை அது பாதிக் கதை. மீதிப் பாதி தரையில் கிடக்கிறது. ஓடுகிற தரை மாறியபோது டயர் மாறியது. டயரின் பிடி கூடியதும், வலது இடது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியல் தாக்குப்பிடிக்க முடியாமல் மாறியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பகியின் கதையைச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பிறந்தது நாமக்கல்லில். அப்பா லாரி மெக்கானிக். கிரவுன், பினியன், ஸ்டார் பினியன் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே எங்கள் வீட்டில் காதில் விழுந்த சொற்கள். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கிய லாரியின் ஒரு பக்கச் சக்கரம் சேற்றை வாரியடித்துச் சுற்றும், மறுபக்கம் அசையாமல் நிற்கும். "எது சும்மா சுத்துதோ, இஞ்சின் அதுக்குத்தான்டா எல்லாத்தையும் குடுக்கும்" என்பார் அப்பா. டிஃப்ரென்ஷியலைப் பற்றி நான் பின்னால் படித்த எந்தப் பாடமும் அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டவில்லை. இப்போது இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் பல்சக்கரங்களை அளந்து தேர்வு செய்யும் வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பகி கிளப்பில் இருப்பேன். சத்தம் போடும் டிஃப்பும் கோணலாகத் தேய்ந்த டயரும் எப்படியோ என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும்.

டிஃப் எதற்கு என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். பத்தில் ஒரு பங்கு அளவிலான பகியின் பின்சக்கரங்களுக்கு இடையே, டயரின் நடுவிலிருந்து நடுவுக்கு, சுமார் 21 செ.மீ. இருக்கும். அது ஓர் அரைவட்டம் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட ஏறத்தாழ 66 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். வளைவு சிறியதா பெரியதா என்பது பொருட்டே இல்லை. அந்த டயரின் சுற்றளவு 27 செ.மீ.க்குப் பக்கம். ஆக, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு சக்கரம் இன்னொன்றைவிட ஏறக்குறைய இரண்டரைச் சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால் அந்த இரண்டரைச் சுற்றும் தரையில் தேய்ந்து ரப்பராகக் கழியும். இந்தச் சிக்கலுக்குப் பிரான்சின் ஒனெஸிஃபோர் பெக்கூர் நீராவி வண்டி ஒன்றுக்காகப் பல்சக்கரத் தீர்வு கண்டு காப்புரிமை பெற்றது 1828-இல்.

பொம்மை அளவில் அந்தத் தீர்வு உடனே வந்துவிடவில்லை. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷ் 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காக வெளியிட்டது. அந்த மாடலுக்காக ஷுன்சாகு டாமியா நிஜமான போர்ஷ் 911 ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டு அளந்தார். அத்தனை அக்கறையோடு ஒரு பொம்மை செய்யப்பட்ட காலம் அது. அதே அளவில் சமதளத்தில் ஓடிய பந்தய வண்டிகள் தட்டையான பலகை போன்ற சேசிஸ் கொண்டவை. பலவற்றில் பின்அச்சு ஒரே தண்டு, டயர் ஸ்பாஞ்சு ரப்பர். வளைவுக்கு வளைவு இழுபட்டு அந்த ஸ்பாஞ்சு டயர்கள் ஒரு பக்கம் சரிந்து கூம்பாகத் தேயும். விட்டம் குறையக் குறைய, சக்கரத்தின் ஒரு சுற்றில் வண்டி போகும் தூரமும் குறையும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஓட்டுநர்கள் காலிப்பரால் டயரை அளந்து, அதற்கேற்ப மோட்டாரின் பினியனை மாற்றினார்கள். டயர் தேய்மானத்தைக் கணக்காக எழுதிவைக்கும் பழக்கம் இந்த விளையாட்டில் அங்கேதான் வேரூன்றியது என்று நினைக்கிறேன்.

ஒரே தண்டுப் பின்அச்சின் அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நான் வேலை பார்க்கும் ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதில் எனக்கு இன்றும் பெருமை. நார்த்தாம்ப்டனில் பந்தயக் கார் இஞ்சின்களுக்குப் பேர்போன காஸ்வொர்த் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் செசில் ஷூமாக்கர். 1980-இல் தன் பெயரிலேயே ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, பன்னிரண்டில் ஒரு பங்கு கார்களுக்காக அவர் கொண்டுவந்தது பால் டிஃப். சக்தியைப் பிரிக்க அதில் பல் என்பதே கிடையாது. நடுவில் ஒரு பெரிய பல்சக்கரம். அதன் உடம்பில் வட்டமாகத் துளைகள். துளைக்கொரு பால்ரஸ் குண்டு. இரு பக்கமும் வழவழப்பான எஃகு வளையங்கள் அந்தக் குண்டுகளை அழுத்திப் பிடிக்கின்றன. வண்டி நேராகப் போகும்போது குண்டுகள் உருளாது, எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றும். வளைவு வந்ததும் ஒரு வளையம் முந்தும், மற்றது பிந்தும், நடுவில் குண்டுகள் உருளும். எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரே ஒரு நட்டைத் திருகி முடிவு செய்யலாம். கூடு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், எடையும் கொஞ்சம்தான். பிரித்துப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். இந்த அளவு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு யோசனையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதற்கு ஓராண்டு முன்புதான், 1979-இல், டாமியா ரஃப் ரைடரையும் சேண்ட் ஸ்கார்ச்சரையும் வெளியிட்டு ரேடியோ காரை மண்ணில் இறக்கியிருந்தது. அடுத்து 1984-இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்து உலகம் முழுக்கப் பையன்களின் கைக்குப் போயின. ஹார்னெட்டின் பின்டயரில் முள் முள்ளாக ரப்பர்க் கூர்கள். உள்ளே அப்பாவின் லாரியில் இருந்ததைப் போலவே கூம்புப் பற்கள் கொண்ட டிஃப், பற்களுக்குக் கிரீஸ் மட்டும். வளைவில் உள்சக்கரம் லேசாகத் தூக்கியதும் அது காற்றில் சுற்றும், வண்டி நகராது. அப்பா சொன்னது அப்படியே பத்தில் ஒரு பங்காக நடந்தது. அந்தக் காலத்து ஹார்னெட்டுகள் இன்றும் எங்கள் பக்கம் விற்பனைக்கு வருவதுண்டு. பின்டயர்களைத் திருப்பிப் பார்த்தாலே, வாங்கிய பையன் வீட்டு முன்னால் தார்ச்சாலையில் ஓட்டினானா, மைதானத்தில் ஓட்டினானா என்று சொல்லிவிடலாம். தாரில் ஓடியதில் முள் நுனி தட்டையாக வெட்டியது போல இருக்கும். மண்ணில் ஓடியதில் முள்ளின் முன்விளிம்பு மட்டும் உருண்டிருக்கும்.

போட்டி உலகம் வேறு திசையில் போனது. கலிஃபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் 1984-இல் ஆர்சி10 என்ற பகியை வெளியிட்டது. தங்க நிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டிதான் அதன் சேசிஸ். மறு ஆண்டே கலிஃபோர்னியாவின் டெல் மாரில் பத்தில் ஒரு பங்கு பகிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. இருசக்கர இழுவையில் ஆர்சி10 ஓட்டிய ஜே ஹால்சியும், நாற்சக்கர இழுவையில் யோகோமோ வண்டி ஓட்டிய கில் லோசி ஜூனியரும் வென்றார்கள். 1987-இல் அதே போட்டி இங்கிலாந்தின் ரோம்ஸிக்கு வந்தது. கியோஷோ அல்டிமா ஓட்டிய ஜோயல் ஜான்சன் இருசக்கரத்தில் வென்றார். பின்னாளில் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயராக வளர்ந்த மசாமி ஹிரோசாகா நாற்சக்கரத்தில் வென்றார்.

வென்றவர்களின் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு நாட்டுத் தரைகளுக்கும் இருந்த வித்தியாசம். கலிஃபோர்னியாவில் காய்ந்து இறுகிய மண், மேலே பொடித்தூசி. இங்கிலாந்தில் வாடகைக்கு எடுத்த மைதானத்தின் புல், பாதி நாள் ஈரம். தூசி மண்ணில் சக்கரம் வழுக்கும், டிஃப்புக்குப் பாரம் குறைவு. புல்லில் முள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், சறுக்கவே சறுக்காது. அந்தப் பிடியின் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளுக்குப் போகும். ஷூமாக்கர் நிறுவனம் 1986-இல் கொண்டுவந்த கேட் என்ற நாற்சக்கர வண்டி, பெல்ட்டில் இயங்கி, முன்னும் பின்னும் பால் டிஃப் வைத்துக்கொண்டு இந்தத் தரையில்தான் பெயர் வாங்கியது. அதே நிறுவனத்தின் மினி ஸ்பைக், மினி பின் டயர்கள் இந்த ஊர்ப் பகிக்காரர்கள் எல்லார் வாயிலும் புழங்கும் பெயராகிவிட்டன. பின்னர் செயற்கைப் புல்லும், குளிர்காலத்துக்குக் கம்பளம் விரித்த கூடங்களும் வந்தபோதும் அந்த முள்டயர்கள் போகவில்லை. டயரின் ரப்பரை அதன் நிறப் பெயரால் மட்டுமே சொல்வார்கள். "யெல்லோ போட்டிருக்கியா?" என்று கேட்டால் போதும்.

பால் டிஃப்பைத் திறந்து பார்க்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கைப்பழக்கம் குறைந்துவருகிறது. நடு ஸ்க்ரூவைக் கழற்றியதும் எஃகு வளையத்தில் குண்டுகள் ஓடிய தடம் ஒரு மெல்லிய வட்டமாகத் தெரியும். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அந்த வட்டம் வெறும் பளபளப்பா, பள்ளமா என்பது புரியும். பளபளப்பு என்றால் கவலையில்லை. நகம் வைத்து இழுத்தால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் அந்த டிஃப் நழுவியிருக்கிறது, அதாவது யாரோ அதைத் தளர்வாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள். வளையத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். அல்லது கண்ணாடித் துண்டின்மேல் 600 நம்பர் உப்புத்தாளை நனைத்து விரித்து, எட்டுப் போடுவது போல வளையத்தை மெதுவாகத் தேய்த்துத் தடத்தை எடுக்கலாம். குண்டுகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நிறம் மங்கியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. முதலில் எஃகுக் குண்டுகள், பிறகு டங்ஸ்டன் கார்பைடு, அதன் பிறகு செராமிக் என்று அவையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. துளைக்கு ஒரு பொட்டு சிலிக்கான் கிரீஸ். பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கு மட்டும் கறுப்பு கிரீஸ். இரண்டையும் மாற்றிப் போட்டால் டிஃப் பிடிக்காது.

இறுக்குவதுதான் நுட்பம். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்வரை ஸ்க்ரூவைத் திருகி, அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்த வேண்டும். பிறகு ஒரு கையால் வலச்சக்கரத்தையும் பெரிய பல்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் இடச்சக்கரத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். அது நகரவே கூடாது. மோட்டார் பக்கம் இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் முதலில் நழுவ வேண்டும், டிஃப் ஒருபோதும் நழுவக் கூடாது. இந்த விதியைக் காக்காமல் "லேசாக லூஸ் வைத்தால் நன்றாகத் திரும்பும்" என்று செட்டிங் செய்தவர்களின் வளையங்களைத்தான் நான் அதிகம் தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். வளைவில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது குருவிபோல ஒரு கீச்சொலி வந்தால் குண்டுகள் உருளாமல் வழுக்குகின்றன என்று அர்த்தம். அப்போதே வண்டியை எடுத்துவிட வேண்டும்.

எட்டில் ஒரு பங்கு அளவில் ஓடும் பெரிய பகிகள் வேறு பரம்பரை. நைட்ரோ எரிபொருள் இஞ்சின், மூன்றரைக் கிலோ அளவுக்கு எடை. அந்தப் பாரத்தைக் குண்டுகள் தாங்காது. அங்கே மூன்று இடங்களில் பல்சக்கர டிஃப்: முன், நடு, பின். மூன்றும் அடைத்த கூடுகள், உள்ளே சிலிக்கான் ஆயில். ஆயிலின் கெட்டித்தன்மைதான் செட்டிங். முன்னே 5000, நடுவே 7000, பின்னே 3000 என்பது உலகம் முழுக்க இந்தப் பகிக்காரர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் கணக்கு. 3000 என்பது விளக்கெண்ணெயைவிடக் கெட்டி, 7000 கிட்டத்தட்டத் தேன். கெட்டியாக ஆக இரு பக்கமும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். இளகலாக ஆக, எந்தப் பக்கம் சும்மா சுற்றுகிறதோ அந்தப் பக்கம் சக்தி ஓடிவிடும்.

இந்தக் கணக்கை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. அது ஒரு தொடக்கம்தான். சரியா தப்பா என்று சொல்லவேண்டியது டயர். நடு டிஃப்பில் ஆயில் இளகலாக இருந்தால், வேகம் கொடுத்ததும் எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரங்கள் லேசாகும். சக்தி முழுவதும் அங்கே பாயும். முன்டயர்கள் வெறுமனே சுற்றி, மையத்தில் பலூன்போல் உப்பி, நடுப் பட்டன்கள் மட்டும் மொட்டையாகும். நடுவில் கெட்டி ஆயிலென்றால் அதே வண்டி பின்டயரைத் தின்னும். ஒரு நாள் ஓட்டி முடித்து நான்கு டயர்களையும் வரிசையாக வைத்தால், நடு டிஃப்பில் என்ன ஊற்றியிருக்கிறது என்பதைக் கூட்டைத் திறக்காமலே ஓரளவு சொல்லலாம். பின்டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் டிஃப்பைக் குறை சொல்ல வேண்டாம், சக்கரத்தின் சாய்வுக்கோணம் (கேம்பர்) அதிகம். வலச்சுற்றாக ஓடும் பாதையில் இடப்பக்க டயர்கள் அதிகம் தேய்வது இயல்பு, பாரம் அங்கேதான் விழுகிறது. அதே பாதையில் வலப்பக்கப் பின்டயர் முந்திக்கொண்டு தேய்ந்தால், உள்சக்கரம் சும்மா சுற்றியிருக்கிறது. பின் டிஃப் ஆயிலைக் கொஞ்சம் கெட்டியாக்க வேண்டும்.

இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் வியக்கவைத்த திருப்பம் கலிஃபோர்னியாவின் உள்ளரங்கக் களிமண் பாதைகளில் நடந்தது. தண்ணீர் தெளித்து, சில இடங்களில் சர்க்கரைத் தண்ணீரும் தெளித்து, வண்டிகள் ஓடி ஓடி, அந்தக் களிமண் இறுகிக் கறுத்துப் பளபளக்கும். அங்கே புதுடயரின் உயரமான முட்கள் மடங்கி நெளிந்து வண்டியை அலையவைத்தன. பல வாரம் ஓடிச் செத்துப்போன டயர் போட்டவன் முந்தினான். சிக்கனத்துக்காகப் பழைய டயரில் ஓடியவர்களே முதலில் இதைக் கண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். பிறகு எல்லாரும் புதுடயரைத் தாரிலும் உப்புத்தாளிலும் தேய்த்து முள்ளைக் குறைத்து வந்தார்கள். சாக்குப்பை நிறையப் பழைய டயர் வைத்திருந்தவர் பணக்காரர் ஆனார். கடைசியில் 2010-களில் டயர் நிறுவனங்களே முள்ளில்லாத வழுவழு டயரை அச்சில் வார்த்து விற்றன. தேய்மானம் என்ற குறை ஒரு வடிவமாகவே ஆகிவிட்டது. நாமக்கல்லில் மொட்டை டயரோடு லாரி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். இந்த விளையாட்டில் அதைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்கினார்கள்.

பிடி இப்படி ஏறியதும் வண்டியின் உடம்பே மாறியது. தூசி மண்ணில் பின்சக்கரத்துக்குப் பிடி வேண்டுமென்று மோட்டாரை அச்சுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். பிடி தாராளமாகக் கிடைத்த பிறகு அந்த எடை பின்னால் தேவைப்படவில்லை. 2013-இல் அசோசியேட்டட் தன் பி5 வண்டியைப் பின்மோட்டார், நடுமோட்டார் என இரண்டு வகையாக வெளியிட்டது. சில ஆண்டுகளில் நடுமோட்டாரே வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்பே பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் வந்து சக்தியைப் பெருக்கியிருந்தன. ஒட்டிப் பிடிக்கும் டயர் ஒரு பக்கம், முறுக்கும் மோட்டார் மறுபக்கம், நடுவில் மாட்டிக்கொண்டது ஷூமாக்கரின் குண்டுகள். ஓட்டத்துக்கு ஓட்டம் இறுக்கிப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. பத்தில் ஒரு பங்கு பகிகளும் பெரியண்ணன்களைப் பார்த்து ஆயில் அடைத்த பல்சக்கர டிஃப்புக்குப் போயின. தளர்ந்த மண்ணில் ஓடுகிறவர்கள் இன்றும் பால் டிஃப்பை விடவில்லை. அது சரியான முடிவு என்றே நான் சொல்வேன். வழுக்கும் தரையில் அதன் மென்மை ஆயிலுக்கு வராது.

ஆயில் டிஃப்புக்கும் தன் தேய்மானம் உண்டு, வெளியில் தெரியாது என்பதுதான் வேறுபாடு. ஓட்டச்சூட்டில் ஆயில் இளகும், பல்லின் உலோகத்தூள் கலந்து கறுக்கும், ஓ-ரிங் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசியும். 7000 ஊற்றிய டிஃப் சில வாரங்களில் எதுவாக இருக்கிறது என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கவனமானவர்கள் தராசு வைத்துக்கொள்கிறார்கள். காலிக் கூட்டை நிறுத்து, குறுக்குத் தண்டு மூழ்கும்வரை ஆயில் ஊற்றி, குமிழி அடங்கக் காத்திருந்து, மறுபடி நிறுத்து எழுதிவைக்கிறார்கள். அடுத்த முறையும் அதே எடை. விரிவதற்குக் கொஞ்சம் காலியிடம் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் கசிந்தே தீரும்.

அந்த எழுதிவைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். இந்த விளையாட்டில் செட்டப் ஷீட் என்று ஒரு தாள் உண்டு. வண்டியின் படம் அச்சிட்டு, பக்கத்தில் கட்டங்கள்: டயர், உள்ளே வைத்த ஸ்பாஞ்சு, டிஃப் ஆயில், கேம்பர், பாதையின் தரை, ஈரமா காய்ந்ததா. ஓட்டுநர்கள் கைப்பட நிரப்பி மற்றவர்களுக்கும் கொடுப்பார்கள். எந்த ஆண்டு எந்தத் தரைக்கு எந்த டயர், எந்த டிஃப் என்ற முழு வரலாறும் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. நிறுவனங்களின் விளம்பரத்தில் வென்ற வண்டி மட்டும் இருக்கும். தோற்ற செட்டிங் கைப்பட எழுதிய தாளில் மட்டுமே இருக்கும். என் கிளப்பில் வயதான ஒருவர் இறந்தபோது அவர் வீட்டார் பெட்டிபெட்டியாக இருந்த அந்தத் தாள்களைப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் பழைய பகிக்காரர்கள் சிங்கப்பூரிலோ, இங்கிலாந்திலோ, கனடாவிலோ, சென்னையிலோ இருக்கலாம். உங்கள் பரணில் ஒரு பெட்டி இருந்தால் தயவுசெய்து இறக்குங்கள். வண்டியைச் சுத்தம் செய்யும் ஆசையில் டயரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், டிஃப்பில் இருக்கும் பழைய ஆயிலைத் துடைப்பதற்கு முன் அதன் நிறத்தைப் பாருங்கள். நான்கு டயர்களையும் எந்த மூலையில் இருந்தது என்று உள்பக்கம் குறித்து, எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன தரை என்று ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். செட்டப் ஷீட் இருந்தால் படமெடுத்து உங்கள் பக்கத்துக் கிளப்பில் ஒரு பிரதி கொடுங்கள்.